அவதூறு ஒழிப்புக் குழு எடுத்த படம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நடந்த மகத்தான முயற்சிகளில், அந்தத் தனியார் பல்கலைக்கழகம் 'அவதூறு ஒழிப்புக் குழு' அமைத்ததற்கும் ஓர் இடம் உண்டு. "அங்க படிக்கிறதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைங்க. கார்ல வரும், கேன்டீன்ல உட்காரும், பரீட்சையில கோட்டை விடும்" என்று ஊர் பேசிவந்தது. இந்தக் கொடிய பொய்யை வேரறுக்க, வாசலில் ஓர் உண்மையான மாணவியின் படத்தைப் பெரிதாக வைப்பதென்று, பல கூட்டங்களுக்குப் பிறகு, தேநீர் தீர்ந்த கணத்தில் குழு ஏகமனதாக முடிவெடுத்தது.

தேர்வானவள் 'ஆஜர்'. ஒரு நாள்கூட வகுப்புக்கு மட்டம் போடாததால் கிடைத்த பட்டப்பெயர். காலையில் அம்மாவின் தையல் கடையில் பொத்தான் தைத்துக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் நசுங்கி வருபவள். குழு தேடிய பொக்கிஷம்.

அழைப்பு வந்த அன்று அவளுக்கு மூன்று மணிக்குச் செய்முறைத் தேர்வு. கதவைச் சாத்திவிட்டால் திறக்க மாட்டார்கள். தவறினால் ஒரு வருடம் போச்சு.

"சார், எனக்கு லேப் பரீட்சை இருக்கு."

"அட, பத்து நிமிஷ வேலைம்மா. லேபுக்கு நான் சொல்லிடறேன்" என்றார் குழுத் தலைவரான துறைத்தலைவர். அவள் தலையெழுத்தையும் மதிப்பெண்ணையும் எழுதுகிற கை அவருடையது. அவள் அவர் பின்னால் நடந்தாள்.

நூலகத்தில் உட்கார வைத்தார்கள். நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று அவள் தேர்வுப் பாடத்தைப் புரட்டினாள்.

"தங்கச்சி, என்ன பண்றீங்க?" என்று பதறினார் புகைப்படக்காரர்.

"படிக்கிறேண்ணா."

"அய்யோ, படிக்காதீங்க! குனிஞ்சா தூங்குற மாதிரி விழுது. சும்மா புக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிங்க."

சிரித்தாள்.

"பாடத்தைப் பார்த்து யாருய்யா சிரிப்பா? இயல்பா இல்லையே" என்று தலைவர் கவலைப்பட்டார். ஆகவே, இயல்பை முன்னிட்டு, எல்லாரும் கேன்டீனுக்கு இடம்பெயர்ந்தார்கள். அங்கே வெளிச்சம் பிரமாதம். அவள் உடைதான் உறுத்தியது.

"ரொம்ப ஏழையாத் தெரியறாளே. பிள்ளையைச் சேர்க்க வர்ற பெத்தவங்க பயந்துடுவாங்க" என்றார் தலைவர்.

யாருடைய கோட்டோ வந்தது. கூலிங் கிளாஸும் வந்தது.

"சார், பஸ்ல வந்து இறங்குற மாதிரி எடுக்கலாமே?" என்றாள். பஸ் நிறுத்தம் ஆய்வகத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"பஸ்ஸா? நம்ம தரம் என்னாகும்? துணைவேந்தர் கார் சும்மாதானே நிக்குது, அதுல சாஞ்சுக்கோம்மா."

சாய்ந்தாள். படம் அற்புதமாக வந்தது. கோட்டைக் கழற்றாமலே ஓடினாள். ஆய்வகக் கதவு சாத்தியிருந்தது. தட்டியதும், வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் இடுக்கு வழியாகப் பார்த்தார்.

"சார், துறைத்தலைவர் சொல்லியிருப்பாரே..."

"யாரும் ஒண்ணும் சொல்லலையே." அவர் பார்வை கோட்டில் தொடங்கி, தலையில் ஏறியிருந்த கூலிங் கிளாஸில் நின்றது. "இவ்வளவு நேரம் எங்க இருந்தே?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "கேன்டீன்ல சார். அப்புறம்... கார்கிட்ட."

கதவு மரியாதையாக மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் படம் வாசலில் ஏறியது. பஸ்ஸில் ஆஜருக்கு முன்சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்த மனைவியை இடித்தார். "பாத்தியா, கார்ல எப்படிச் சாஞ்சு நிக்குதுன்னு? இது எங்க பாஸாகப் போகுது!"

மறுத்துப் பேச வாயைத் திறந்தவளுக்கு, சாத்திய ஆய்வகக் கதவு நினைவுக்கு வந்தது. அதுவரை ஊர் பேசியதெல்லாம் வெறும் பொய். அதை உண்மையாக்கிக் கொடுக்க ஒரு குழு தேவைப்பட்டது.