ஃபைல் சின்னதாகிவிட்டது, கைதட்டுங்கள்

நம்மிடையே 'மாற்றித் தருபவர்' என்றொரு உயிரினம் உலவுகிறது. உங்களுக்கும் பழக்கம்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது, "பழைய ஆடியோ ஒண்ணு, இந்த போன்ல ஓபன் ஆக மாட்டேங்குது" என்று முனகிவிட்டால் போதும், அழைக்காமலே வந்து நிற்பார். "எனக்கு அனுப்பு. எம்பி3 ஆக்கித் தர்றேன்." அவரிடம் கேட்டீர்களா? இல்லை. அனுப்பினீர்களா? அனுப்பினீர்கள்.

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவர் பென்சன். ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தரையில் மஞ்சள் கோடு போட்டு, வேண்டாத சாமானுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி, ஷிப்ட் முடிவதற்குள் வெளியே தள்ளிவிட வேண்டும் என்று அங்கே பழக்கியிருக்கிறார்கள். போல்ட் நட்டுக்கு நல்ல பழக்கம்தான். பென்சன் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் தளம் ஒன்றைத் திறப்பார், துள்ளிக் குதிக்கும் விளம்பரங்களுக்கு நடுவே எது உண்மையான பொத்தான் என்று மோப்பம் பிடித்து அமுக்குவார், பச்சைக் கோடு ஊர்ந்து முடிந்ததும் பழைய ஃபைலின் எடையையும் புதியதன் எடையையும் அருகருகே வைத்துப் படமெடுத்துக் குழுவில் போடுவார், பிறகு பழையதற்கு மனசுக்குள் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டி, அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டு, "ஆய்த்து!" என்று கன்னடத்தில் முத்திரை குத்துவார். ஒன்றே ஒன்று மட்டும் செய்ய மாட்டார். போட்டுக் கேட்க மாட்டார்.

கேட்பதா? அவர் என்ன வேலைவெட்டி இல்லாதவரா?

பென்சனுடைய பெரியப்பா மகள் அருள்செல்வி அக்கா பர்கூரில் இருக்கிறார். அக்காவின் அப்பா ஜான்பீட்டர், பேத்தி அனிட்டாவின் கல்யாணம்வரை தாம் இருக்கப்போவதில்லை என்று தெரிந்ததும், அவளுக்கு ஓர் ஆசீர்வாதத்தைப் பேசிப் பதிந்து வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அக்கா அதை இத்தனை வருஷமும் கேட்கவில்லை. கல்யாணத்தன்று மகளோடு சேர்ந்துதான் கேட்பது என்று பிடிவாதம். நிச்சயதார்த்தம் முடிந்ததும் பென் டிரைவைப் பென்சனிடம் கொடுத்தார்.

"பாத்துடா பென்சா. அப்பா கொரலு இதுல மட்டுந்தான் இருக்குது."

"என்னக்கா நீ! லைன்ல நான் ஓகே சொல்லாம ஒரு பீஸ் வெளிய போவாது. இதெல்லாம் ஒரு வேலையா?"

அன்று மாலையே படம் வந்தது. ஐம்பது எம்பி, ஒரே எம்பி ஆகியிருந்தது. குழுவே கைதட்டியது. கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, ஊரில் யார் தும்மினாலும் பதறும் நானும் தட்டினேன். வெளிநாட்டில் இருப்பவனின் குடும்பக் கடமை முழுவதும் கட்டைவிரலில்தானே இருக்கிறது?

அக்கா மட்டும் கேட்டார்: "இவ்ளோ சின்னதா ஆயிடுச்சே, பரவால்லியா?"

"அதாங்க்கா டெக்னாலஜி."

கல்யாணத்தன்று பூசை முடிந்து, மாதா கோவில் மண்டபத்தில் விருந்துக்கு முன் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் வீடியோ காலில் நின்றேன். ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது.

"ஆவுதா? லைட்டு எரியுதா?" மண்டபம் சிரித்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "செல்வி, அந்த ஃபேன நிறுத்து. கொரலு விழாது... நீ வெளிய போ... ம்ம், இரு, தண்ணி குடிச்சிக்கறேன்... ஆங். அனிட்டாக் கண்ணு, தாத்தா உனக்கு என்ன சொல்றேன்னா..."

அவ்வளவுதான். இலவசத்துக்கு முதல் நிமிடம் மட்டும்தான் என்று அந்தத் தளம் பொடி எழுத்தில் சொல்லியிருந்ததாம். பொடி எழுத்தை எந்த இன்ஸ்பெக்டர் படிக்கிறார்?

"மறுபடி போடுங்க மாமா," என்றாள் அனிட்டா. போட்டார். தாத்தா தண்ணீர் குடித்தார், அதே இடத்தில் நின்றார்.

"அது கெடக்குது. ஒரிஜினலப் போடுடா," என்றார் அக்கா.

பென்சன் பென் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா... அதுல இப்ப ஃபுல்லா எடம் இருக்குது."

"எடம் இருக்குதா? அதுல இனி என்னாத்தடா போடறது?"

பென்சன் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? போன வாரம் குழுவில் யாரோ பழைய ஞானஸ்நான வீடியோ ஓடவில்லை என்று முனகினார்கள். மணமாலை வாடுவதற்குள் பதில் வந்துவிட்டது: "எனக்கு அனுப்பு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் போனில் இடம் போதவில்லை என்று எச்சரிக்கை வந்ததே, உடனே ஒரே தட்டில் சுத்தம் செய்து, காலியான இடத்தைப் பார்த்து மகிழ்ந்தீர்களே, அதற்குள் யார் யார் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று போட்டுக் கேட்டீர்களா?