கன்ட்ரோல் இசட் அழுத்தினால் முயல் காணாமல் போகிறது

அன்பும் மதிப்பும் மிக்க ஓக்கோ மாமாவுக்கு,

மருமகள் தைடா பணிவோடு எழுதுவது. புது முழங்கால் நன்றாக மடங்குகிறது என்றும், ஆஸ்பத்திரித் தேநீரை நீங்கள் மன்னித்துவிட்டீர்கள் என்றும் நம்புகிறேன். நம் முயல் வளர்ப்போர் சங்கத்தின் வெற்றிக் கோப்பையை அம்மா நேற்றே உங்கள் தலைமாட்டில் வைத்திருப்பார். அது வந்த வழியைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மதிப்பெண் அட்டவணையை உங்கள் கணினியில் திறக்கச் சொன்னீர்கள். அது மண்டபத்தில் உயிரை விட்டது. ஓடிப்போய் அப்பாவின் மடிக்கணினியை எடுத்துவந்தேன். நடுவர் உப்பன் அம்மாவுக்குக் கண் சரியில்லை என்பதால் எழுத்தைப் பெரிதாக்கினேன். அதற்குள் தேநீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது சுற்றுத் தேநீர் முடிந்ததும் முடிவைச் சொல்லியாக வேண்டும், உங்களுக்கே தெரியும். போட்டிக்கு வராத ஒரு முயலின் வரிசையை நீக்கப் போய், பக்கத்திலிருந்த நல்ல முயலை நீக்கிவிட்டேன். "தப்புப் பண்ணிட்டா பதறாத, கன்ட்ரோலையும் இசட்டையும் சேத்து அமுக்கு, பழையபடி ஆயிடும்"னு நீங்க சொன்னீங்களே மாமா, அமுக்கினேன். இன்னொரு முயல் போச்சு. மறுபடி அமுக்கினேன். கீழ இருந்தது மேல ஏறி வந்து அதுவும் போச்சு. பின்னாலேயே நின்ற உங்கள் போட்டியாளர் த்யார்க்ஸ் ஐயா, "என்ன பாப்பா, கூண்டுக்குள்ள நரி புகுந்துடுச்சா?" என்றார். "ரெண்டாவது சுத்து ஊத்தியாச்சும்மா" என்றார் உப்பன் அம்மா. அடுத்த வரிசையில் உங்கள் முயல் ஃபென்னா! சட்டென்று விரலை எடுத்துவிட்டேன்.

பயத்தில் ஒரு காலிக் கட்டத்தில் இசட்டை மட்டும் தட்டிப் பார்த்தேன். திரையில் ஒய் வந்தது. அப்போதுதான் புரிந்தது. அப்பா ஆங்கிலேயர் கப்பலில் வேலை பார்ப்பவர். விசைமேல் அச்சடித்திருப்பது நம் ஜெர்மன் வரிசை, உள்ளே அமைத்திருப்பது ஆங்கில வரிசை. அதில் இசட்டும் ஒய்யும் இடம் மாறியிருக்கும். நான் அழுத்திக்கொண்டிருந்தது கன்ட்ரோல் ஒய். அதாவது, 'இப்போது செய்ததையே திரும்பச் செய்'! உடனே கன்ட்ரோலோடு ஒய் என்று எழுதிய விசையை அழுத்தினேன். முயல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. "வா கண்ணு, வா வா" என்று உப்பன் அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் உங்கள் ஃபென்னாவுக்கும் தொண்ணூற்றேழு, த்யார்க்ஸ் ஐயாவின் முயலுக்கும் தொண்ணூற்றேழு. சமமானால் சங்கத்தில் மூத்தவருக்குத்தானே கோப்பை? "ஒரே ஒரு குளிர்காலம் முன்னாடி சேந்தான், சாகிற வரைக்கும் அதையே சொல்லிக் காட்டுவான்" என்று சொல்லிவிட்டு த்யார்க்ஸ் ஐயா தேநீரைக் குடிக்காமலேயே போய்விட்டார்.

கோப்பையைப் பார்த்துப் பார்த்துச் சீக்கிரம் எழுந்து நடங்கள். ஃபென்னாவுக்கு தினமும் கேரட் கொடுக்கிறேன்.

என்றும் உங்கள் பிரியமுள்ள
தைடா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது உப்பன் அம்மா போன் செய்தார். அவருடைய கணினியில் திறந்தால் த்யார்க்ஸ் ஐயாவுக்குத் தொண்ணூற்றேழுதான், ஆனால் உங்களுக்குத் தொண்ணூற்றாறரை. நான் எழுத்தைப் பெரிதாக்கியதில் கட்டத்துக்குள் இடம் போதாமல், அரையை முழுதாக்கிக் காட்டியிருக்கிறது. போனை வாங்கிப் பேசிய த்யார்க்ஸ் ஐயா நாளை உங்களைப் பார்க்க வருகிறாராம். "பூ ஒண்ணும் வாங்கல பாப்பா, ஆனா வெறுங்கையோட திரும்ப மாட்டேன்" என்றார்.