இரவல் போன உத்தரவு

பள்ளிக்கூடத்திலிருந்து பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யார் போனால் யாருக்கும் தெரியாதோ, அவரை அனுப்ப வேண்டும். ஆகவே “இணையவழிச் சமூக மற்றும் கூட்டுச் செயல்பாட்டுக் கருவிகளில் திறன் மேம்பாடு” என்ற சுற்றறிக்கை கல்வி அலுவலகத்திலிருந்து வந்ததும், தலைமையாசிரியர் இரண்டாவது வரிக்குப் போகாமலேயே நூலகரைக் கூப்பிட்டனுப்பினார்.

“நீங்க போயிட்டு வாங்க டீச்சர். கணக்கு வாத்தியார் போனா பாடம் நின்னுடும். விளையாட்டு வாத்தியார் போனா பசங்க மைதானத்துலயே குடியேறிடுவாங்க. நீங்க போனா...” என்று ஆரம்பித்தவர், மேற்கொண்டு சொல்ல நல்ல வழி தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார்.

“நான் போனா நூலகம் பூட்டிக் கெடக்கும் சார்.”

“அதைத்தான் சொல்ல வந்தேன். பத்திரமா இருக்கும்.”

நூலகருக்கு அது பாராட்டாகவே பட்டது. பத்திரம் அவருக்குப் பிடித்த சொல். மாடிப்படி ஏறியதும் இடது கைப் பக்கம் இருக்கும் அந்த அறைதான் அவருக்கு எல்லாம். ஜன்னல் கம்பிகளைத் தன் புடவைத் தலைப்பாலேயே துடைப்பார். அவர் வந்த நாளிலிருந்து அங்கே ஒரு புத்தகம்கூடத் தொலைந்ததில்லை. எடுத்த பிள்ளை ஒரு நாள் பிந்தினால் வகுப்பு வாசலில் போய் நிற்பார். இன்னும் பிந்தினால் வீட்டு வாசலில். ஒருமுறை ஒரு மாணவியின் அக்கா கல்யாணத்துக்கே போய், மணப்பெண்ணுக்கு வாழ்த்துச் சொன்ன கையோடு திமிங்கிலங்களைப் பற்றிய புத்தகத்தை மீட்டு வந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘திருப்பிக்குடு டீச்சர்’. அது அவர் காதுக்கும் எட்டியது. பட்டம் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று இருந்துவிட்டார்.

பயிற்சியாளர் வயதில் சின்னவர். ஒரு காலில் மஞ்சள் காலுறையும் இன்னொரு காலில் ஊதாவும் போட்டிருந்தார்; அது மறதியல்ல, நாகரிகம். பயிற்சிக் கூடத்தில் நாற்காலி என்ற பேச்சுக்கே இடமில்லை. உட்கார்ந்தால் ஆளை இடுப்புவரை உள்ளே இழுத்துக்கொள்ளும் மூட்டைகள்தாம் கிடந்தன. பீன் பேக் என்று பெயராம். ஒருவர் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. கூட்டுச் செயல்பாட்டின் முதல் பாடமே அதுதான் என்றார் பயிற்சியாளர்.

இரண்டாவது பாடம் பகிர்வு ஆவணம். திரையில் வெள்ளையாக ஒரு பக்கம் தோன்றியது. எல்லோரும் அவரவர் கைபேசியிலிருந்து அதிலேயே எழுதலாம் என்றார். ஒருவர் தன் பெயரை எழுதினார். இன்னொருவர் அதை அழித்துத் தன் பெயரை எழுதினார். ஒருவர் ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். சாப்பாடு எத்தனை மணிக்கு என்று ஒரு கேள்வி வந்தது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் எதையோ தொட, அத்தனையும் அழிந்து பக்கம் மறுபடி வெள்ளையானது. பயிற்சியாளர் கைதட்டினார்.

“பாத்தீங்களா, எவ்வளவு உயிரோட்டம்.”

நூலகர் மூட்டைக்குள்ளிருந்து கையைத் தூக்கினார். “தம்பி, இது ஒரே பிரதிதானே?”

“ஆமா மேடம். அதுதான் விசேஷமே.”

“ஒரு பிரதியை ஒரே நேரத்துல இத்தனை பேருக்கு எப்படிக் குடுத்தீங்க?”

“குடுக்கவே வேண்டாம் மேடம். அது மேகத்துல இருக்கு.”

“சரி. திரும்பி எப்ப வரும்?”

பயிற்சியாளருக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. தெரியாதவற்றுக்கெல்லாம் சொல்வதற்கென்று அவரிடம் ஒரு பதில் இருந்தது. “அருமையான கேள்வி” என்றார். நூலகர் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தார். கருவியில் குறையில்லை. இரவல் கொடுக்கத் தெரியாதவர்கள் கையில் அது சிக்கிக்கொண்டிருக்கிறது.

பள்ளிக்குத் திரும்பியதும் அவர் ‘இணைய ஒருங்கிணைப்பாளர்’ ஆக்கப்பட்டார். ஆண்டு விழாவுக்கான பகிர்வு ஆவணத்தை முதல் வேலையாகப் பூட்டினார். எழுத வேண்டியவர் நூலகத்துக்கு வந்து பெயர் கொடுத்து, எழுதும் உரிமையை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் திருப்பிய பிறகுதான் அடுத்தவருக்கு. விளையாட்டு வாத்தியார் ஓட்டப்பந்தயம் என்று ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டு மறந்துபோய், வாசலில் நூலகரைப் பார்த்ததும் ஓட்டமும் நடையுமாக வந்து திருப்பினார்.

அடுத்தது ஆசிரியர்களின் அரட்டைக் குழு. விடிந்தால் ரோஜாப்பூவும் பொன்மொழியுமாக முந்நூறு செய்தி வந்து விழும் இடம் அது. நூலகர் அங்கேயும் பேசும் உரிமையை ஒரு நேரத்தில் ஒருவருக்கு என்று வைத்தார். கணக்கு வாத்தியார் உரிமையை வாங்கிக்கொண்டு போய், ஒரு வாரம் கிடைத்த உரிமையில் என்னதான் பேசுவது என்று யோசித்து யோசித்து, ஒரு வார்த்தையும் பேசாமல் கெடு நாளில் திருப்பிக் கொடுத்தார். அந்த வாரம் குழு அமைதியாக இருந்தது. சில ஆசிரியர்கள் வகுப்பில் பாடம் நடத்தியதாகக்கூடக் கேள்வி.

கல்வி அலுவலகத்தில் அப்போது நேரம் சரியில்லை. விடுமுறை அறிவிப்பு ஒன்றை நான்கு அதிகாரிகள் ஒரே பகிர்வு ஆவணத்தில் ஒரே சமயத்தில் திருத்தி, “நாளை விடுமுறை என்பதால் அனைவரும் தவறாது வரவும்” என்று வெளியிட்டிருந்தார்கள். பாதிப் பேர் பள்ளிக்கு வந்தார்கள், பாதிப் பேர் வரவில்லை, இரண்டு பாதிக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. இந்த வேளையில்தான் துணை இயக்குநர் நம் நூலகரின் முறையைக் கேள்விப்பட்டுப் பள்ளிக்கே வந்தார்.

“ஒருத்தர் எழுதும்போது இன்னொருத்தர் எழுத முடியாதா?”

“முடியாது சார்.”

“ஒருத்தர் தப்புப் பண்ணினா யாருன்னு தெரிஞ்சிடுமா?”

“கண்டிப்பா தெரியும் சார்.”

துணை இயக்குநரின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு, தப்புப் பண்ணுவது எப்போதும் மற்றவர்கள்தான் என்பது நினைவுக்கு வந்து மலர்ந்தது. ஒரே வாரத்தில் துறை முழுவதற்கும் ‘ஆவண இரவல் முறை’ அமலானது. துறையின் ஆவணங்கள் அத்தனைக்கும் நம் நூலகரே பொறுப்பாளர். கூடவே ஒரு விதியும் வந்தது: “மாற்றம் ஏதுமின்றித் திருப்பித் தரப்பட்ட ஆவணம், முழுமையாகப் பரிசீலிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும். இறுதியில் பொறுப்பாளர் ‘திரும்பி வந்தது’ எனக் குறித்த கணமே உத்தரவு நடைமுறைக்கு வரும்.”

நூலகருக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய பெரிய அதிகாரிகள் வரிசையில் நின்றார்கள். “போன வாரம் எடுத்ததே இன்னும் வரலையே சார்” என்று அவர்களிடம் சொல்லும்போது, நாக்கில் சர்க்கரை கரைவது போலிருந்தது.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் புதிய ஆவணம் ஒன்று வந்து சேர்ந்தது. எழுதியவர் மஞ்சள்-ஊதாக் காலுறைப் பயிற்சியாளர். இப்போது அவர் துறைக்கு ஆலோசகர். தலைப்பு: “நூலகங்களை இணைவெளி மையங்களாக மாற்றுதல்: முதற்கட்டம்.” முதற்கட்டத்தில் முதல் பெயர் நம் நூலகரின் பள்ளி. நூலகர் தலைப்பைப் பார்த்தார். தன் பள்ளியின் பெயரைப் பார்த்தார். அதற்குமேல் உள்ளே போகவில்லை. புத்தகங்களை முதுகைப் பார்த்தே அடுக்கிப் பழகியவர், ஆவணத்தையும் அப்படித்தான் பார்த்தார். தன் அறையும் அந்தப் பயிற்சிக் கூடம் போலாகி மூட்டைகள் கிடப்பதை நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது.

விதி விதிதான். ஒப்புதல் தர வேண்டியவர்களில் முதல் ஆளான துணை இயக்குநருக்கு அதை இரவல் கொடுத்தார். கெடு வந்தது. ஆவணம் வரவில்லை.

“அப்படியே விட்டுடு” என்றார் வீட்டுக்காரர், காய் நறுக்கிக்கொண்டே. “நீ கேக்காத வரைக்கும் அந்த ஆள் குடுக்க மாட்டான். அவன் குடுக்காத வரைக்கும் உன் நூலகம் உன்னுது. கும்புடப் போன தெய்வம் குறுக்க வந்திருக்கு, நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

“கெடு முடிஞ்சிடுச்சுங்க.”

“முடியட்டுமே.”

“நாலு நாளாச்சு.”

“நாலு வருஷம் ஆகட்டும்.”

“எப்படிங்க? சின்னப் புள்ளைங்க வீட்டு வாசல்ல எல்லாம் போய் நின்னிருக்கேன்.”

வீட்டுக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். இத்தனை வருடத்தில் அவருக்கும் ஒன்று தெரியும்: இந்த முகம் வந்துவிட்டால் வாதாடிப் பயனில்லை. “சரி, போய் உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்க. சாப்பிட்டுட்டுப் போ” என்றார்.

மறுநாள் காலை நூலகர் தொலைபேசியை எடுத்தார்.

“இன்னும் படிக்கலம்மா” என்றார் துணை இயக்குநர். “படிச்சாத்தானே திருப்பித் தர முடியும்?”

“எடுத்தா படிக்கணும்னு விதி இல்ல சார். திருப்பிக் குடுக்கணும்னுதான் விதி.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. பல வருடங்களாக முதுகில் இருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்த பெருமூச்சு அது. “இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். ஆவணம் அடுத்த நிமிடமே வந்தது. அடுத்த அதிகாரிக்குப் போய், வந்தது. அதற்கடுத்தவருக்குப் போய், வந்தது. தலைமையாசிரியரும் ஒப்புதல் தர வேண்டியவர்களில் ஒருவர். அவர் எடுத்த கையோடு திருப்பினார். துறையின் வரலாற்றிலேயே இத்தனை வேகமாக எந்த உத்தரவும் நகர்ந்ததில்லை. கடைசியில் அது நூலகரின் மேசைக்கு வந்தது. ஜன்னலை ஒருமுறை பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ‘திரும்பி வந்தது’ என்று குறித்தார்.

ஒப்பந்தக்காரர் மறுவாரமே வந்தார். காதில் பென்சில், கையில் அளவு நாடா, சட்டைப் பையில் சாக்குக்கட்டி. வந்ததும் உத்தரவை முறைப்படி இரவல் வாங்கிக்கொண்டு, அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“இங்க இருக்கறதையெல்லாம் யாராவது படிக்கறாங்களாம்மா?”

“எல்லாம் நேரத்துக்குத் திரும்பி வந்துடும்.”

“அதைக் கேக்கல. படிக்கறாங்களா?”

ஒப்பந்தக்காரர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினார். பலமுறை வெளியே போய் வந்த புத்தகம். அச்சகத்தில் வெட்ட மறந்த பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருந்தன. இன்னொன்றை உருவினார். அதுவும் அப்படியே. நூலகரை வெட்கம் பிடுங்கித் தின்றது. புத்தகம் வந்ததா என்று ஆயிரம் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார். எப்படி இருந்தது என்று ஒரு பிள்ளையைக்கூடக் கேட்டதில்லை.

ஒப்பந்தக்காரர், மாற்ற வேண்டிய அறை என்பதற்கு அடையாளமாகக் கதவில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டார். பிறகு நேராகக் கீழே இறங்கித் தலைமையாசிரியர் அறைக்குப் போய், அங்கே குவிந்து கிடந்த சுற்றறிக்கைகளைப் பார்த்துவிட்டு, அந்தக் கதவிலும் ஒரு கோடு போட்டார்.

“யோவ், இது நூலகம் இல்ல” என்றார் தலைமையாசிரியர்.

“நூலகம்னு தலைப்புல மட்டும்தான் சார் இருக்கு. உள்ளே ரெண்டாம் பக்கத்துல, ‘படிக்கப்படாத தாள்கள் சேர்ந்து கிடக்கும் அறை எதுவாயினும்’னு போட்டிருக்கு. எனக்கு ரூமுக்கு இவ்வளவுன்னு கூலி. பக்கத்தைப் புரட்டப் புரட்ட வேலை கெடைக்குது. இந்த மாதிரி ருசியா நான் எதையுமே படிச்சதில்ல.”

அதன் பிறகு அவர் கல்வி அலுவலகத்துக்குப் போனார். ஒரு மாடிக்கு ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை. கோடு போடாத கதவு என்று அங்கே ஒன்றுதான் மிஞ்சியது, அது கழிப்பறை. மேசைகள் போயின, நாற்காலிகள் போயின, மூட்டைகள் வந்து இறங்கின. அதிகாரிகள் இடுப்புவரை புதைந்து கிடந்தார்கள். கை கொடுத்துத் தூக்க வருபவரும் இன்னொரு மூட்டையிலிருந்துதான் எழுந்து வர வேண்டும் என்பதால், கூட்டுச் செயல்பாடு பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில்தான் நடந்தது. ஆலோசகரிடம் கேட்டார்கள். அந்த இரண்டாம் பக்கத்தை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதாகவும், ஒட்டும்போது படிக்கவில்லை என்றும் சொன்னார்.

துணை இயக்குநர் தட்டுத்தடுமாறி எழுந்து பள்ளிக்கு ஓடி வந்தார். நூலகமாக இருந்த அறையில் நூலகர் ஒரு மூட்டைக்குள் உட்கார்ந்திருந்தார். புத்தகங்கள் வெளியே நடையில் குவிந்து கிடந்தன. பக்கத்து மூட்டையில் தலைமையாசிரியர் கிடந்தார். வேறு இடமில்லாததால் துணை இயக்குநரும் மூன்றாவதில் விழுந்தார்.

“அந்த உத்தரவை உடனே எனக்குக் குடுங்கம்மா. ஒரே ஒரு வரி சேர்த்து ரத்து பண்ணிடறேன்.”

“வெளியில இருக்கு சார். ஒப்பந்தக்காரர்கிட்ட.”

“கெடு முடிஞ்சிருக்குமே?”

“புதுப்பிச்சுக்கிட்டார்.”

“நேர்ல போய் வாங்கிட்டு வாங்க. வாசல்லயே போய் நிப்பீங்கன்னு சொன்னாங்களே.”

நூலகர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியாதது ஒரு காரணம்.

“அவர் படிச்சுக்கிட்டிருக்கார் சார். படிக்கற ஆள்கிட்ட இருந்து பாதியில புடுங்க எனக்கு மனசு வரல. காலையில பேசினேன். பதிமூணாம் பக்கத்துக்கு வந்திருக்காராம், சம்பளம் பத்தி ஏதோ போட்டிருக்காம்.”

தலைமையாசிரியரும் துணை இயக்குநரும் ஒரே நேரத்தில் எழ முயன்று, ஒரே நேரத்தில் உள்ளே போனார்கள்.

“சம்பளம் பத்தியா? என்னம்மா போட்டிருக்கு?”

“யாருக்குத் தெரியும் சார்?” என்றார் நூலகர். “ஒப்புதல் குடுத்தது நாமதானே.”