ஆறு அத்தியாயத்துக்கும் மஞ்சள்

2024 மார்ச் 15, வெள்ளிக்கிழமை, நீர்வேலி. அன்று மாலை நான்கு மணிக்குள் கஜந்தினி தன் ஆய்வேட்டின் நான்கு பிரதிகளைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் பதிவு காலாவதியாகும். மூன்று வருட உழைப்பும் அதோடு போகும்.

காலையில் அவள் குளித்துவிட்டு வந்தபோது, நான்கு வெள்ளை அட்டைகளிலும் மூலைக்கு மூலை மஞ்சள் இருந்தது.

"என்னப்பா இது?"

"நல்ல காரியத்துக்குப் போற கடதாசி. மஞ்சள் வைக்காமல் விடுறதோ?" என்றார் தம்பிராசா. வாழைத்தோட்டக்காரர். "உள்ளுக்கும் வைச்சனான். ஆறு அத்தியாயத்துக்கும்."

"ஆறுக்குமோ!"

"ஒண்டுக்கு வைச்சு மற்றதுக்கு வைக்காமல் விடலாமோ பிள்ளை?"

"அங்கை அலுவலகத்திலை அற்புதராணி மிஸ் அளக்கிறதுக்கு அடிமட்டத்தோடை இருக்கிறா அப்பா. ஓரம் ஒரு நூல் பிசகினாலும் திருப்பி விட்டிடுவா."

"அப்ப துடைச்சாப் போச்சு."

சவர்க்காரத் தண்ணீரில் துணியைத் தோய்த்துத் துடைத்தார். சவர்க்காரம் பட்ட மஞ்சள் இரத்தச் சிவப்பானது.

"இப்ப கொலை வழக்குக் கோப்பு மாதிரி இருக்குது," என்றாள் கஜந்தினி.

சுன்னாகத்தில் அச்சும் புத்தகக் கட்டும் செய்யும் சிவகரன் பிரதிகளைப் புரட்டிப் பார்த்தான். "மூண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டிவிடுவம் அக்கா. கறை போயிடும்."

கறை போனது. பக்க எண்களும் போயின.

"எண்ணெல்லாம் எங்கை?"

"கூடைக்குள்ளை கிடக்கு. எடுத்துத் தரட்டோ?"

திரும்ப அச்சடிப்பதைத் தவிர வழியில்லை. கடைக் கணினியில் அவளுடைய எழுத்துரு இல்லை. வேறொன்றைப் போட்டதில் 212 பக்கம் 231 ஆனது. பொருளடக்கம் முடிவுரை என்று காட்டிய பக்கத்தில் வாழைக்குலை அட்டவணை இருந்தது. தம்பிராசா பக்க எண்களை வாசிக்க, அவள் ஒவ்வொன்றாகத் திருத்தினாள்.

"வாழைக்குத் தண்ணி விடுறதுக்கு இவ்வளவு எழுத்தோ? என்னைக் கேட்டிருந்தால் ஒரு வசனத்திலை சொல்லியிருப்பன்."

"முதல் பேட்டியே உங்களோடைதான் அப்பா. பதினாலு பக்கம் சொன்னனீங்கள்."

அதன்பிறகு அவர் எண்களை மட்டும் வாசித்தார்.

நான்கு பிரதிகளையும் புதிதாகக் கட்டி எடுத்துக்கொண்டு, மூன்று இருபதுக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தை அடைந்தார்கள். அற்புதராணி அடிமட்டத்தை எடுத்தார். இடது ஓரம், வலது ஓரம், மேல், கீழ். நான்கு பிரதிகளையும் அளந்தார். தம்பிராசா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு முத்திரை விழுந்தது. பற்றுச்சீட்டு கஜந்தினியின் கைக்கு வந்தது.

அலுவலக உதவியாளர் செபமாலை பிரதிகளை வைப்பதற்கு அலுமாரியைத் திறந்தார். தட்டுத் தட்டாக ஆய்வேடுகள். அநேகமாக எல்லாவற்றின் மூலைகளிலும் மஞ்சள்.

"உங்கடையிலை மஞ்சள் இல்லையே தங்கச்சி. இருந்திருந்தால் இவ்வளவு நேரம் மினக்கெட்டிருக்கத் தேவையில்லை. மஞ்சள் வைச்சதை மிஸ் அளக்கிறேல்லை. தாய் தேப்பன் மஞ்சள் வைச்சாப் பிறகு திருப்பி விட்டாலும் ஒருத்தரும் ஒண்டையும் மாத்த மாட்டினம், அளந்து என்ன செய்யிறது எண்டுவா."

பற்றுச்சீட்டு இப்போது நீர்வேலி வீட்டில் இருக்கிறது. நாலு மூலையிலும் மஞ்சள்.