அழுக்கென்று நினைத்துத் தேய்த்த கோடு

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. முழங்கால் நீங்கலாக நான் நலம். நீயும், என்னைக் கண்டாலே செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காவல் வேலையெல்லாம் வேண்டாம், எங்களோடு வந்து இரு என்று நச்சரித்தாயே, உன் வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது. வேலை போகப்போகிறது. மாடி அறையை ஒழித்து வை.

நான் காவல் காக்கும் பழைய சுண்ணாம்புக் குவாரியில் ஒரு கல்லைக்கூட யாரும் எடுக்கக்கூடாதென்று வேலி போட்டிருக்கிறார்கள். காலமெல்லாம் சுவருக்கு வெள்ளையடித்தவன் நான். இவ்வளவு சுண்ணாம்பு சும்மா கிடக்கிறதே என்று முதலில் வயிறு எரிந்தது. பிறகு பார்க்கப் பார்க்க வாயடைத்துப் போனேன். மூன்று மாடி உயரத்துக்கு வெள்ளைச் சுவர், நூல் பிடிக்காமலே நேராகப் படிந்த அடுக்குகள், நடுநடுவே கல்லாகிப்போன சிப்பிகள். எந்தக் கொத்தனாருக்கு வரும் அந்தக் கை! அப்பேர்ப்பட்ட சுவரின் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. ஒழுகிய கறை என்று நினைத்தேன். வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றதும் கை சும்மா இருக்கவில்லை. கம்பி பிரஷால் ஓர் ஆள் நீளத்துக்குத் தேய்த்து, சுண்ணாம்புப் பொடியைக் குழைத்து மேலே பூசி, பளிச்சென்று ஆக்கிவிட்டேன்.

இந்தக் குவாரியை ஆராய்கிற அம்மா அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஐயா, இங்க இருந்த கோடு எங்க?”

“அழுக்கா இருந்துச்சும்மா. எடுத்துட்டேன்.”

“அது அழுக்கில்லைங்க. இந்த இடம் கடலா இருந்தப்போ, எங்கேயோ எரிமலை வெடிச்சு வந்து விழுந்த சாம்பல். அதைப் பார்க்கத்தான் இவங்க இவ்வளவு தூரம் வந்திருக்காங்க.”

அவர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாகப் போயிற்று. இந்தச் சுண்ணாம்பே கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்களின் ஓடு என்றும் பொறுமையாகச் சொன்னார். அப்படியென்றால் நான் அடித்த வெள்ளையில் எத்தனை கோடி உயிர்! உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை அதில் சாய்ந்து புதுச்சட்டையைப் பாழாக்கிக்கொண்டாரே, கொடுத்துவைத்த மனிதர். இந்த இடத்தை விட்டு வர எனக்கு மனசே இல்லை, தங்கச்சி. ஆனால் தப்பு தப்புதான். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். வீட்டுக்காரருக்கு வணக்கமும் ஆறுதலும்.

உன் அண்ணன்

பி.கு.: நான் வரவில்லை. இப்போதுதான் அந்த அம்மா வந்துபோனார். என் பூச்சைக் கழுவியதும் கோடு முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறதாம். மலைக்குள்ளே வெகுதூரம் போகிறதாம். கம்பி பிரஷைப் பிடுங்கிக்கொண்டு, பல் தேய்க்கிற பிரஷ் ஒன்றைக் கையில் கொடுத்தார். “வடக்குச் சுவர் பூரா பாசி. மெதுவாத் தேய்ங்க, நானும் பக்கத்துல இருப்பேன்” என்றார். எப்போது முடியும் என்று கேட்டேன். “நம்ம ரெண்டு பேர் ஆயுசுலயும் முடியாதுங்க” என்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. மாடி அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு.