தலை மேற்கே, உடல் கிழக்கே

"சோப்பு போட்டாச்சு, எண்ணெய் போட்டாச்சு. இனிமே உங்க காதைக் கழட்டி வெச்சாத்தான் உண்டு" என்றாள் மனைவி.

வாசல் கேட்டின் கம்பிகளுக்கு நடுவே தலையை நுழைத்தபடி, முக்காலியில் உட்கார்ந்திருந்தார் கணவர். தலை தெருவில் இருந்தது, மீதி வீட்டுக்குள் இருந்தது. காலையிலேயே முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டியிருந்தார். இப்போது அந்தச் சட்டையின் காலரில் எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, எதுக்கு அதுக்குள்ள தலையை விட்டீங்க?"

"சைரன் கேட்டுச்சு. வண்டி எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்தேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"மிக்ஸி சத்தத்துல உனக்கு என்ன கேக்கும்."

அவள் அன்று மிக்ஸியைத் தொடவே இல்லை. ஆனாலும் கம்பியில் மாட்டிக்கொண்ட மனிதரிடம் வழக்காட வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஓய்வு பெறும்வரை தீயணைப்பு மீட்புப் பணியின் மண்டல அதிகாரி. சொல்லப்போனால் அந்த மண்டலத்தையே உண்டாக்கியவர். அதற்கு முன் கிழக்கு ஊருக்கு ஒரு தீயணைப்புப் படை, மேற்கு ஊருக்கு ஒன்று. இரண்டும் எலியும் பூனையும். இவர்கள் குழாயை அவர்கள் குழாயோடு இணைக்க முடியாது, திருகு மரையே வேறு. நடுவில் இருந்த பஞ்சுக் கிடங்கு எரிந்தபோது, யார் முதலில் தண்ணீர் அடிப்பது என்று இரண்டு படையும் வாய்ச்சண்டை போட்டன. கிடங்கு யாருக்கும் காத்திராமல் எரிந்து முடித்தது.

அப்போது நிலைய அலுவலராக இருந்த இவர்தான் மேலிடத்துக்கு நடையாய் நடந்து இரண்டையும் ஒன்றாக்கினார். ஒரே கட்டுப்பாட்டு அறை, ஒரே மரை, ஒரே விதிப் புத்தகம். எந்த நிலையம் எதுவரை என்று வரைபடத்தில் தம் கையாலேயே கோடும் போட்டார். அந்தக் கோடு ஒரு காலி மனையின் ஓரமாகப் போனது. பிற்பாடு அந்த மனையையே வாங்கி வீடு கட்டினார். ஆக, வீடு கிழக்கு, தெரு மேற்கு, கோடு கேட்டின் மேல்.

அந்த மண்டலத்துக்கு அன்று மாலை வெள்ளிவிழா. இவருக்கு அழைப்பு வரவில்லை.

இன்று வரும், நாளை வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வெளியூரில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, பார்ப்பதை நிறுத்தியிருந்தார். பேச்சும் குறைந்துபோயிருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நாமே ஃபோன் போட்டுக் கேட்டால் என்ன என்றாள். "கேட்டு வாங்கற மரியாதை எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். இன்று ஒரு பொழுது போய்விட்டால், இந்த மனிதர் பழைய மனிதராகத் திரும்பவே மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

"எதிர்ல வெல்டிங் பட்டறை இருக்கு. அந்தத் தம்பியைக் கூப்பிடறேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அறுத்துடுவாரு."

"அவன் வேண்டாம்." குரலில் பழைய அதிகாரம் வந்தது. "கழுத்துகிட்ட அந்த மிஷினைக் கொண்டு வரதா? முறைப்படி கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லு."

"உங்க ஆளுங்களே வந்து பாத்தா கேவலமா இருக்காதா?"

"மாட்டினது மாட்டியாச்சு. தலை வெளிய இருக்கு, உடம்பு உள்ள இருக்குன்னு தெளிவா சொல்லு."

ஃபோனை எடுத்த பெண் பொறுமைசாலி. "சம்பவம் கேட்டுக்கு உள்ளயா, வெளியவாம்மா?"

"ரெண்டு பக்கமும்."

"பாதிக்கப்பட்டவர் எந்தப் பக்கம் அதிகமா இருக்காரு?"

"எடையைப் பாத்தா உள்ள. வாயைப் பாத்தா வெளிய."

விலாசத்தைச் சொன்னதும் அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். "அது எல்லைக்கோடும்மா. ரெண்டு நிலையத்தையும் அனுப்பறேன்."

மேற்கு வண்டி முதலில் வந்தது. மேற்கு நிலைய அலுவலர் குதித்து இறங்கி, தெருவில் நீட்டிக்கொண்டிருந்த தலைக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். "கட்டரை எடுங்கப்பா" என்றார்.

"தொடாதீங்க" என்றபடி கிழக்கு நிலைய அலுவலர் பக்கத்துக் காலி மனை வழியாகச் சுவர் ஏறி வீட்டுக்குள் குதித்தார். "உடம்பு எங்க எல்லையில இருக்கு."

"தலை எங்க எல்லையில இருக்கு. தலை இல்லாத உடம்பை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"மாட்டியிருக்கறது கழுத்து. கழுத்து உடம்போட சேந்தது."

"யாரு சொன்னா?"

மனைவி குறுக்கே புகுந்தாள். "யாராவது ஒருத்தர் அறுங்களேன்."

இருவரும் தலையைப் பார்த்தார்கள். "விதி எழுதினவரே ஐயாதான். ஐயாவே சொல்லட்டும்."

தலை தொண்டையைச் செருமிக்கொண்டது. "எல்லையில மீட்புப் பணின்னா, ரெண்டு அலுவலரும் பேசி ஒத்துக்கிட்டு, அப்புறம்தான் தொடங்கணும்."

"மனுஷன் மாட்டிக்கிட்டுக் கெடக்கறப்பவா?" என்றாள் அவள்.

"உயிருக்கு ஆபத்துன்னா விதி கிடையாது. எனக்கு என்ன ஆபத்து? கொஞ்சம் வெயில், அவ்வளவுதான்."

வெயில் என்றதும் மேற்கு ஆட்கள் தலைக்குக் குடை பிடித்தார்கள். அதைப் பார்த்த கிழக்கு ஆட்கள் உடம்புக்கு விசிற ஆரம்பித்தார்கள். சூடாக எதையாவது குடித்தால் இவர்களுக்குச் சமாதானம் பிறக்கும் என்று அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். வீட்டுக்குள் நின்ற கிழக்குக்கு முதலில் கிடைத்தது. மேற்குக்குக் கம்பி வழியாக நீட்டுவதற்குள் ஆறிவிட்டது. மேற்கு நிலைய அலுவலர் டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, எங்களுக்கு இது பழக்கம்தான்" என்றார். பழைய பகையில் டீயும் சேர்ந்துகொண்டது.

தெருவை இரண்டு வண்டிகளும் அடைத்துக்கொண்டன. பின்னால் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது. அக்கம்பக்கத்தார் நாற்காலி எடுத்து வந்து உட்கார்ந்தார்கள். மாட்டிக்கொண்டவர் ஒருவர்தான் நிதானமாக இருந்தார். மேற்கு ஆள் ஒருவர் பிடித்த டீயை உறிஞ்சிக்கொண்டே, "புது வண்டிக்கு எந்த பம்ப் போட்டிருக்கீங்க?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

கிழக்கு நிலைய அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம் முடிக்கணும். ஐயா விழாவுக்கு வேற கெளம்பணும்."

"எந்த விழாவுக்கு?" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் விசிறி நின்றது. "யாரு வந்து கூப்பிட்டீங்க இவரை?"

கிழக்கு மேற்கைப் பார்த்தது. "நீங்க வந்து கூப்பிடலையா?"

"வீடு உங்க எல்லையில இருக்கு. கூப்பிட வேண்டியது நீங்கதானே?"

"வாசல் உங்க பக்கம் திறக்குது. வாசல்ல நின்னுதானே கூப்பிட முடியும்?"

அவளுக்குக் கண் கலங்கியது. யாரும் அவரை மறக்கவில்லை. அவர் போட்ட கோட்டிலேயே அழைப்பு இடறி விழுந்து கிடந்திருக்கிறது. இதற்காகவா இந்த மனிதர் சரியாகச் சாப்பிடாமல், பேசாமல் கிடந்தார் என்று அவளுக்கு ஆறவில்லை.

"மேடையில நடு நாற்காலி ஐயாவுக்குத்தான் போட்டிருக்கோம்" என்று கிழக்கு முணுமுணுத்தது. "அதுல அவர் பேர்கூட ஒட்டியாச்சு" என்றது மேற்கு. இருவரும் வண்டிக்கு ஆள் அனுப்பி அழைப்பிதழ் எடுத்துவரச் சொன்னார்கள். மேற்கு அதைத் தலையின் முன் விரித்துக் காட்டியது. கிழக்கு கையில் வைத்தது.

"ஐயா கட்டாயம் வரணும்" என்றன இரண்டு குரல்களும், அநேகமாக முதல் தடவையாக ஒன்றாக.

"பாக்கலாம்" என்றார் அவர்.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. மேற்கு அறுப்பது, கிழக்கு கம்பியைப் பிடித்துக்கொள்வது என்று முடிவானது. பொறி பட்டுவிடாமலிருக்கத் தலைக்கும் தோளுக்கும் சேர்த்து ஒரு தடித்த கம்பளியைப் போர்த்தினார்கள். கட்டரைக் கிளப்பப் போனால் அது கிளம்பவில்லை. எல்லோரும் அதைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவழியாக அது உறுமியபோது திரும்பிப் பார்த்தால், கம்பளி மட்டும் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் தோட்டத்துக் குழாயடியில் காது கழுவிக்கொண்டிருந்தார்.

"எப்படி ஐயா வந்தீங்க?"

"அனுபவம்தான். வேற சட்டை போட்டுக்கிட்டு வரேன், இருங்க."

போகும்போது கிழக்கு வண்டி, வரும்போது மேற்கு வண்டி என்று அவரே பிரித்துக் கொடுத்தார். வண்டியில் ஏறும்போது அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. சேலை மாற்றிக்கொண்டு பின்னாலேயே வருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

வண்டிகள் திருப்பத்தில் மறைந்ததும் எதிர்ப் பட்டறைக்கு நடந்தாள். "தம்பி, எங்க கேட்டுல கம்பியைக் கொஞ்சம் நெருக்கி வெச்சுக் குடுங்க. இன்னொரு தடவை அவர் தலை மாட்டுச்சுன்னா என்னால தாங்க முடியாது."

வெல்டர் கையைத் துடைத்துக்கொண்டே கூட வந்தார். கேட்டின் நடுக்கம்பி ஒன்றை இரண்டு விரலால் மேலே தூக்கினார். அது முழுசாகக் கையோடு வந்தது. திரும்ப அதே இடத்தில் இறக்கி வைத்தார்.

"நெருக்கினா ஐயா கோவிச்சுக்குவாரும்மா. நீங்க ஊர்ல இல்லாதப்ப அவரேதான் வந்து, தலைக்கு அளவு குடுத்து, இந்தக் கம்பியைக் கழட்டி மாட்டற மாதிரி பண்ணச் சொன்னாரு."