முதலாளி எழுதாத கடிதம்

மடியில் பனியன், வலது கையில் கத்தரி, கால் கட்டைவிரலில் தூளிக் கயிறு. தைத்து வரும் பனியனில் தொங்குகிற நூல் பிசிறை வெட்டுவது என் வேலை. இந்த டஜனை முடித்தால் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதில்தான் இதை எழுதுகிறேன். படித்தது அஞ்சாவது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க ஊட்டுக்காரர் இதே கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறார். ரேடியோவில் விளம்பரப் பாட்டு வர ஆரம்பித்த நாளிலிருந்து, பல்பொடிப் பாட்டுக் கேட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

"சினிமாப் பாட்டு மூணு நிமிசம், எவன் வேணாலும் போடலாம். இருவது செகண்டுல சோப்பை விக்கோணும் பாரு, அதுதான் சங்கீதம்" என்பார்.

போன மாசம் வடை மடித்து வந்த பேப்பரில் ஒரு அறிவிப்பைப் பார்த்துவிட்டார். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் வியாபார இசையமைப்புப் படிப்பாம், ரெண்டு வருசம். போயே தீருவேன் என்றார்.

"ரண்டு வருசமுங்களா?"

"கண்ணை மூடித் தொறந்தா ஓடிரும்."

"பாப்பாவுக்கு எட்டு மாசமுங்க."

"நான் வர்றப்ப அவளே வந்து கதவைத் தொறப்பா."

"வேலைங்க?"

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துருவேன்."

"அப்ப நானுங்க?"

"நீ ஒண்ணும் அலைய வேண்டாம். இங்கியே இரு."

எனக்கு என்னமோ உபகாரம் பண்ணுகிற மாதிரி சொன்னார். அன்றைக்கு அழுதுகொண்டேதான் ரசம் வைத்தேன். உப்பு ஜாஸ்தி என்றார்.

அதில் சேர, மனுவோடு ஒரு வியாபாரியின் கடிதம் வேண்டுமாம். 'இவர் கட்டிய மெட்டால் எங்களுக்கு நன்மை உண்டானது' என்று. வெள்ளிக்கிழமை கடைசி நாள். எங்கள் முதலாளி சென்னியப்பன், "நன்மை உண்டாகட்டும், எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை மெட்டுத் தயார். "பனியனே... வெள்ளைப் பனியனே..." என்று இழுத்தார். எடுத்து வைத்த பிணத்துக்கு முன்னால் பாடலாம்.

"எப்படி இருக்குது புள்ளே?"

கட்டினவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "உருக்கமா இருக்குதுங்க" என்றேன்.

"அதுதான் வேணும். உருகினாத்தான் வாங்குவான்."

வாயால் சொல்ல முடியாததைப் பனியன் சொல்லட்டும் என்று நினைத்தேன். மறுநாள் தூளியை ஆட்டுகிற சாக்கில் அந்த மெட்டை முனகினேன். பக்கத்து ரங்காத்தாள் அக்கா பிடித்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் பிசிறு வெட்டுகிற கூடத்தில் இருபது பேரும் முனகினார்கள். பாட்டு இழுக்கிற இழுப்புக்கு, ஒரு 'பனியனே' பாடி முடிப்பதற்குள் ஒரு பிசிறுதான் வெட்ட முடிந்தது. நாள்தோறும் முந்நூறு டஜன் வெட்டுகிற இடத்தில் சாயங்காலம் நூற்றைம்பது. ரெண்டு பேர் தூங்கிவிட்டார்கள். ரங்காத்தாள் அக்கா செத்துப்போன எருமையை நினைத்து அழுதாள்.

முதலாளி ஓடி வந்தார். "எந்த மகராசன் கட்டின பாட்டு இது?"

அந்த நேரம் பார்த்து எங்க ஊட்டுக்காரர் வெள்ளைக் காகிதத்தோடு வந்து நின்றார்.

"லெட்டருங்க..."

"உனக்கு லெட்டர் எதுக்கு ஆத்தப்பா? பக்கத்துக் கம்பெனியில போயி ஒரு வாரம் பாடு. உனக்குக் கோயிலே கட்டறேன்."

தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். ராத்திரி அவர் சிரிக்கிறார். "இருவது பேர் கையைக் கட்டிப்போட்டிருக்குது என் மெட்டு. கட்டத் தெரிஞ்சவனுக்கு அவுக்கத் தெரியாதா?"

வியாழக்கிழமை வந்து எங்கள் கூடத்திலேயே நின்று புதுசாக ஒன்று பாடினார். மிஷின் ஓடுகிற தாளம். டக்கு டக்கு என்று கத்தரி தானாகவே ஓடியது. சாயங்காலம் முந்நூற்று எழுபது டஜன். முதலாளிக்கு வாயெல்லாம் பல். பேனாவை எடுத்தார், தேதியும் போட்டுவிட்டார். நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

வேலைக்கு வந்த ரெண்டு வருசத்தில் முதலாளியிடம் நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. அவர் வந்தால் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். அன்றைக்கும் தூணுக்குப் பின்னால்தான் நின்றேன். அங்கிருந்து ஒரு குரல் வந்தது. அது என் குரல் என்று தெரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஏனுங்க முதலாளி, இவரு போயிட்டா நாளைக்கு யாருங்க பாடுவாங்க?"

பேனா நின்றது. முதலாளி பனியன் குவியலைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். பேனாவை மூடிவிட்டார்.

"புள்ள சொல்றது நாயந்தான் ஆத்தப்பா."

"பாட்டு நல்லா இல்லாட்டியும் லெட்டர் இல்லீங்க. நல்லா இருந்தாலும் இல்லீங்களா?"

"நல்லா இருக்கறதாலதானப்பா இல்லை."

இவர் தூணைத் திரும்பிப் பார்த்தார். நான் என் கால்விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது காலையில் நிட்டிங், மத்தியானம் எங்கள் கூடத்தில் முக்காலி மேல் ஏறிப் பாட்டு. என்னோடு பேசி ஒன்பது நாளாகிறது. பாட மட்டும் செய்கிறார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடுகிறார். தினம் கொஞ்சம் வேகம் கூட்டுகிறார். நானூற்று முப்பது டஜன் தாண்டிவிட்டது. கத்தரி பிடிக்கிற கட்டைவிரலில் கொப்புளம் வந்து உடைந்துவிட்டது. பாப்பா தூங்குவதே இல்லை. ராகிக் களி கிண்டி முன்னால் வைத்தால், அதையும் அதே தாளத்தில் விழுங்கிவிட்டு எழுந்து போகிறார்.

யோசித்துப் பார்த்துவிட்டேன். ரெண்டு வருசம் என்ன பெரிய ரெண்டு வருசம்? அடுத்த வருசத்துக்காவது அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லி முதலாளி காலில் விழுவதென்று முடிவு பண்ணிவிட்டேன். தூணுக்குப் பின்னாலிருந்து இல்லை, முன்னாலேயே வந்து நின்று, சாமி, இவரை எப்படியாவது அனுப்பி வையுங்க என்று இன்றைக்கே கேட்டு... ரங்காத்தாள் அக்கா கூப்பிடுகிறாள், அவர் முக்காலியில் ஏறிவிட்டாராம், இன்றைக்கு முதலாளி கையாலேயே அவருக்கு ஒரு மைக்